இடப்பக்கத் தடிப்பு

ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சுக்குப் புறப்படத் தலைவாரிக்கொண்டிருந்தபோதுதான் லிபியா கண்ணாடியில் அதைப் பார்த்தாள். இடது கன்னம், இடது கழுத்து, இடது தோள் என்று ஒரு பக்கம் மட்டும் சிவந்து தடித்திருந்தது. வலப்பக்கத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. இரவெல்லாம் அவளுக்கு இடப்பக்கம் படுத்திருந்தவன் அவள் கணவன் வெஸ்லின்.

போன வருடம்வரை இருவரும் குருபரப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு காளான் பண்ணையில் வேலை பார்த்தார்கள். வைக்கோல் திணித்த பைகள் வரிசையாகத் தொங்க, அவற்றில் வெளுத்த காளான் விசிறிபோல அடுக்கடுக்காக விரியும் அந்த ஈர இருட்டறைக்குள் கால் வைத்தாலே அவளுக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும். கிருஷ்ணகிரியில் டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். தோலுக்கு அடியிலும் மூச்சுக்குழாயிலும் மாஸ்ட் செல் என்று காவல் செல்கள் இருக்கின்றனவாம். காளான் உதிர்க்கும் தூள் பட்டால் அதன் மேலுறையைத் தொட்டே இன்னதென்று கண்டுகொள்ளுமாம். கண்டதும் தமக்குள் சேர்த்து வைத்திருக்கும் ரசாயனத்தையெல்லாம் கொட்டிவிடுமாம். அரிப்பும் வீக்கமும் அதனால்தான்.

"அளவு மீறிக் கொட்டிச்சுன்னா தொண்டையே அடைச்சுக்கும். காளான் இருக்கிற பக்கமே போகாதீங்கம்மா."

லிபியா ஓசூரில் அட்டைப்பெட்டி கம்பெனிக்கு மாறிக்கொண்டாள். எட்டு மாதமாக உடம்பில் ஒரு தடிப்பும் இல்லை. வெஸ்லின் பண்ணை வேலையிலேயே இருந்தான்.

அன்று அவள் சர்ச்சுக்குப் போகவில்லை. தலையணை உறைகளை வெந்நீரில் அலசினாள், பிளீச்சிங் பவுடர் போட்டுச் சுவரைத் தேய்த்தாள், பாயை வெளியே எடுத்துப்போய் எரித்தாள். வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே குளித்துவிட்டு உள்ளே வரும்படி அவனைக் கெஞ்சினாள். அவனும் மறுக்காமல் இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்தான். ஆனாலும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சோறு போட்டால் பரிமாறிய கை தடித்தது. அவன் கூப்பிட்டால், குரல் வந்த பக்கத்துக் காது சூடேறி வீங்கியது. அவன் வேலைக்குப் போய்விட்டால் அரை மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும்.

நெடுஞ்சாலையில் லாரிகள் ஓயாமல் இரைந்துகொண்டிருந்த அந்த வாரம் முழுக்க மழை. வெஸ்லின் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டான். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று ஜன்னலைச் சாத்தினான். சாப்பாட்டைத் தொடாமல் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான். ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்தான். அவன் இருமும்போதெல்லாம் வீட்டில் ஊறிய வைக்கோல் வாடை வீசியது. ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்து, சளிதான் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

மத்தூரில் அவள் அம்மா வீடு இருந்தது. இரண்டு முறை துணியை எடுத்து வைத்தாள், இரண்டு முறையும் பையைத் திறந்து திரும்ப அடுக்கினாள். அவனை யாரிடம் விட்டுப் போவது? யாரிடம் போய், என் தோல் என் புருஷனைக் காளான் என்று சொல்கிறது என்பது? கர்த்தரே, என் உடம்பு சொல்வது பொய்யாக இருக்கட்டும் என்று முழங்காலிட்டு அழுதாள். அழும்போதே முழங்கை தடித்துக்கொண்டு வந்தது. திரும்பினாள். அவன் பின்னால் நின்றிருந்தான்.

அடுத்த வாரம் புதன்கிழமை மத்தியானம் அவன் இருமத் தொடங்கி நிறுத்தவே இல்லை. ஒவ்வொரு இருமலுக்கும் உடம்பு இரண்டாக மடிந்தது. பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஓடிப்போய் அவன் முதுகைத் தடவினாள்.

உள்ளங்கை எரிந்தது. உதடு தடித்தது. நாக்கு தடித்தது. கண் இமைகள் வீங்கிப் பாதி மூடின. தொண்டைக்குள் ஏதோ இறுகியது. மூச்சு உள்ளே போகவில்லை. தரையில் விழுந்தாள்.

இருமல் நின்றது.

"லிபியா." பதறிப்போய் அவள் தலையை மடியில் எடுத்து வைத்தான். கை ஜில்லென்றிருந்தது. "பயப்படாத. நான் இருக்கறேன் இல்ல."

வேண்டாம் என்று தலையாட்டப் பார்த்தாள். தலை அசையவில்லை.

"மூச்சு வரலையா? இரு. நான் ஊதறேன்."

அவன் குனிந்தான். கண்ணீர் அவள் நெற்றியில் சொட்டியது. அவளுடைய மூக்கைப் பிடித்தான். தன் வாயைத் திறந்தான்.

நாக்கு இல்லை. பற்களுக்குப் பின்னால், தொண்டையின் அடிவரை, வெளுத்த மடிப்புகள். விசிறிபோல. அடுக்கடுக்காக. மெல்ல விரிந்துகொண்டு.