அண்ணி கொடுத்த மாத்திரை

"ஐயோ... என்னங்க! என்னைப் பாருங்க!"

அவர் பார்க்கவில்லை. இனிமேல் பார்க்கவும் போவதில்லை.

பெயின்ட் கம்பெனி முதலாளி குளியலறை வாசலில் மல்லாந்து கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. ஒரு கன்னத்தில் சோப்பு நுரை. பாதி சவரத்திலேயே உயிர் போயிருந்தது.

இன்ஸ்பெக்டர் வந்து சேர்ந்தபோது டாக்டரின் சட்டைக் காலர் முதலாளியின் தம்பி கையில் இருந்தது!

"இந்த ஆள அரெஸ்ட் பண்ணுங்க சார்! மூளைக்குப் போற ரத்தக்குழாய் சுருங்கியிருக்கு, ஸ்ட்ரோக் வரும்னு பயமுறுத்தி போன மாசம் ஸ்டென்ட் வச்சான். இன்னிக்கு அதே ஸ்ட்ரோக்ல அண்ணன் போய்ட்டாரு!"

"மொதல்ல கைய எடுங்க."

இன்ஸ்பெக்டர் அலுப்புடன் நாற்காலியில் சரிந்தார். எத்தனை பிணம், எத்தனை ஒப்பாரி... எப்போதடா ரிட்டயர்மென்ட் வரும் என்றிருந்தது. இன்றைக்குக் கூடுதலாக ஒரு பயமும் சேர்ந்துகொண்டது.

காரணம், இதே டாக்டர் இவர் தலைக்குள்ளும் ஒரு ஸ்டென்ட் வைத்திருந்தார்!

டாக்டர் சொதப்பியிருந்தால்... அடுத்த பிணம் யார்?

"டாக்டர், உண்மையச் சொல்லுங்க. எனக்கும் இதே கதிதானா?"

டாக்டர் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"ஸ்டென்ட் ஒரு கம்பி வலை சார். சுருங்கின குழாய விரிச்சுப் பிடிச்சுக்கும். ஆனா புது வலையில ரத்தம் உறைஞ்சு அடைச்சுக்கலாம். அது உறையாம இருக்கத்தான் மாத்திரை. ஒருநாள்கூட விடாதீங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். இவர் விட்டிருந்தா..."

"விடல!"

மனைவி தலைநிமிர்ந்தாள். கண்ணில் இன்னும் ஒரு சொட்டு நீர் வரவில்லை.

"தினமும் என் கையாலதான் குடுத்தேன். முழுங்கினதும் வாயத் தொறந்து நாக்கத் தூக்கிக் காட்டச் சொல்லுவேன். பாத்துட்டுதான் நகருவேன்."

"அப்ப டாக்டர் தப்புதானே!" தம்பி துள்ளினார்.

இன்ஸ்பெக்டர் முழங்காலைத் திட்டிக்கொண்டே எழுந்தார். பிணத்தருகே குனிந்தார். தாடையில் ஒரு பிளேடு வெட்டு. அதன்மேல் கடுகளவு ரத்தம் காய்ந்திருந்தது.

"ஏம்மா, இது இன்னிக்குப் பட்டதா?"

"ஆமா சார். பஞ்சு கொண்டான்னு கத்தினாரு. நான் எடுத்துட்டுப் போறதுக்குள்ள, நின்னுடுச்சு வேணாம்னுட்டாரு. மறுபடி சவரம் பண்ண ஆரம்பிச்சாரு. அப்புறம்தான் தொப்புன்னு சத்தம்..."

இன்ஸ்பெக்டரின் அலுப்பு கலைந்தது.

"அதே மாத்திரைய நானும் சாப்பிடறேன்மா. லேசா கீறினாலே ரத்தம் நிக்காம வழியும். துண்டையெல்லாம் நாசம் பண்றேன்னு வீட்ல தினம் அர்ச்சனை. இவருக்கு மட்டும் எப்படி டக்குனு நின்னுச்சு? மாத்திரை எங்க?"

அலமாரியில் இரண்டு சின்ன டப்பாக்கள்.

"அட்டையப் பிரிச்சு மொத்தமா போட்டு வச்சிடுவேன். நீல மூடி அவரோடது. சிவப்பு மூடி கொழுந்தனாரோட சத்து மாத்திரை."

நீல டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து, தன் சட்டைப் பையிலிருந்த மாத்திரையோடு சேர்த்து வைத்தார் இன்ஸ்பெக்டர். இரண்டும் ரோஸ். இரண்டும் வட்டம். இவருடையதில் நடுவே ஒரு கோடு இருந்தது. அதில் இல்லை!

டாக்டர் எட்டிப் பார்த்துப் பதறினார். "சார்... இது வெறும் சத்து மாத்திரை!"

"நான்... பாத்துப் பாத்துக் குடுத்தேனே..." அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப அண்ணிதான் மாத்தியிருக்காங்க! பிடிங்க சார்!"

தம்பி கையை வீசியதில் மேஜையிலிருந்த கண்ணாடி டம்ளர் விழுந்து நொறுங்கியது. சில்லைப் பொறுக்கப் போனவரின் விரலில் சின்னக் கீறல்.

"பாத்து... உக்காருங்க தம்பி." இன்ஸ்பெக்டர் அவசரப்படவில்லை. கொட்டாவி விட்டார். "இனிமே கம்பெனிய யாரு பாப்பாங்க?"

"நான்தான். வேற யாரு? இத்தன வருஷம் அண்ணன் பின்னாடி கை கட்டியே நின்னாச்சு..."

தம்பி விரலில் சுற்றிய கைக்குட்டை சிவந்தது. டாக்டர் பஞ்சு கொடுத்தார். அதுவும் நனைந்தது. தரையில் சொட்ட ஆரம்பித்தது.

"இத்துனூண்டு கீறல்... நிக்க மாட்டேங்குதே தம்பி?"

தம்பி கையைப் பின்னால் மறைத்தார்.

இன்ஸ்பெக்டர் அவர் சட்டைக் கையை மேலே சுருட்டினார். முழங்கைவரை நீல நீலமாகக் கன்றியிருந்தது. பிறகு சிவப்பு மூடியைத் திறந்தார்.

ரோஸ் மாத்திரைகள்... நடுவே கோடு!

"மாத்தினது சரி. இதக் குப்பையில போட வேண்டியதுதானே?"

தம்பி தலையைத் தொங்கப்போட்டார். "என் டப்பா காலியா இருந்தா அண்ணி ஏன்னு கேப்பாங்க. அதான் இதுல கொட்டினேன்."

"கொட்டினீங்க. ஏன்யா முழுங்கினீங்க?"

"அண்ணி விடணுமே சார்! எனக்கும்தான் வாயத் தொறந்து காட்டச் சொல்லுவாங்க!"

அவள் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

தன் தலைக்குள் இருப்பது நல்ல கம்பிதான் என்று இன்ஸ்பெக்டருக்கு நிம்மதி வந்தது. ஒரு பிணத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு நிம்மதிப்பட வெட்கமாகவும் இருந்தது.

கூட வந்திருந்த ஏட்டு தம்பிக்கு விலங்கை மாட்டினார்.

"சார்... ரத்தம் இன்னும் நிக்கல. எனக்கு ஏதாவது ஆயிடுமா?"

"ஒண்ணும் ஆகாது." இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டார். "அண்ணன் மருந்த ஒருவேளைகூட விடாம சாப்பிட்டிருக்கீங்க. ஸ்ட்ரோக் உங்க பக்கம் எட்டிக்கூடப் பாக்காது... ஆயுள் தண்டனைய முழுசா அனுபவிக்கலாம்!"