அடுத்தவருக்கு இல்லை

நெய்தல் கவிகையில் உண்டு முடித்த எவரும், உண்டதைப் பற்றிக் கருத்துரை வழங்காமல் தம் வீட்டுக் கதவைத் திறக்க இயலாது. அது சட்டம். செவ்வாய்க் கோளின் செம்மண்ணில் கவிழ்த்து வைத்த கண்ணாடிக் கிண்ணம் போன்ற அக்குடியிருப்பில் இரண்டு இலட்சம் தமிழர் வாழ்ந்தனர். இரண்டு இலட்சம் மணிக்கட்டுகளிலும் கருத்துமானி பதிக்கப்பட்டிருந்தது. கவளம் தொண்டையைக் கடந்ததும் அது துடிக்கத் தொடங்கும். ஒன்று முதல் ஐந்து வரை விண்மீன்கள் இட்டு, காரணமும் ஒரு வரி சொன்னால்தான் அடங்கும். கல்யாண விருந்துக்கும் விண்மீன் உண்டு, கருமாதிச் சோற்றுக்கும் உண்டு. பச்சிளங்குழந்தையின் அழுகையைக்கூடக் கருத்துமானி மொழிபெயர்த்துத் தாயின் பெயரில் பதிந்துவிடும். கடல் மருந்துக்கும் இல்லாத ஊருக்கு நெய்தல் என்று பெயர் வைத்தவர்களிடம் இதைவிட அடக்கத்தை எதிர்பார்ப்பது முறையன்று.

சேந்தன் அக்கவிகையின் நான்காம் தெருவில் ஜப்பானியப் பொட்டல உணவகம் ஒன்றை நடத்திவந்தார். உட்கார்ந்து உண்ண அங்கே இடமில்லை. சுவரில் ஒரு சாளரம், சாளரத்தின் முன் ஒரு வரிசை, சாளரத்துக்கு அப்பால் எட்டுக் கைகள் கொண்ட ஒரு சமையலி. ஆளுக்கு ஒரு பொட்டலம். வாங்கியவர் நகர வேண்டும், அவ்வளவே. ஒசாக்கா நகரில் வடிவமைக்கப்பட்ட அச்சமையலிக்குக் குமா என்று பெயர். நெய்தல்வாசிகள் முதல் நாளே அதைக் குமாரு ஆக்கிவிட்டனர்.

அதே ஒசாக்காவில் சேந்தன் ஆறாண்டுகள் தொழில் பயின்றவர். அவற்றுள் இரண்டாண்டுகள் அரிசி களைவதற்கே கழிந்தன. அந்தப் பெருமையுடன் செவ்வாய்க்கு வந்து கடை திறந்தவரை நெய்தல் எவ்வாறு வரவேற்றது என்பதை முதல் வாரத்துக் கருத்துரைகளே கூறும்.

“மீனை வேகவைக்க மறந்துவிட்டார்கள். ஒரு விண்மீன்.”

“ரசம் என்று நினைத்துச் சோற்றில் பிசைந்தேன். சப்பென்று இருக்கிறது. மிளகு எங்கே? ஒரு விண்மீன்.”

“ஓரத்தில் கொத்தமல்லிச் சட்னி வைத்திருந்தார்கள். முழுவதையும் ஒரே வாயில் போட்டேன். காலஞ்சென்ற மாமனார் கண்ணெதிரே வந்து நலம் விசாரித்தார். ஒரு விண்மீன்.”

அது சட்னி அன்று, வசாபி என்னும் காரக் கிழங்கின் விழுது என்று பொட்டலத்தின் மேல் எழுதியே இருந்தது. பொட்டலத்தின் மேல் எழுதியிருப்பதைப் படிப்பதற்கோ நெய்தல்வாசிகளுக்கு நேரமில்லை. அவர்கள் கருத்துரை எழுத வேண்டியிருந்தது.

சாளரத்தருகில் நடந்த உரையாடல்களும் இதே தரத்தின.

“ஏம்ப்பா குமாரு, சோத்தச் சுத்தி என்ன இது கறுப்புத் தாளு? பில்லையும் சேத்து மடிச்சுட்டியா?”

“அது கடற்பாசி, ஐயா. உண்ணத்தக்கது.”

“திங்கலாம்னு நீ சொல்றே. எதுக்குத் திங்கணும்? அதச் சொல்லு.”

குமா அக்கேள்வியையும் ஒரு குறையாகப் பதிந்துகொண்டது. குறைகளுக்கு விதி இருந்தது. ஒரே குறையைப் பத்துப் பேர் சொன்னால் சமையலி அதைத் திருத்தியே தீர வேண்டும் என்பது கருத்தாணையத்தின் விதி. பத்துப் பேர் மிளகு கேட்டனர். மிசோ என்னும் சோயா விழுதைக் கரைத்த சூப்பில் மிளகும் சீரகமும் விழுந்தன. பத்துப் பேர் சோற்றில் காடி நாறுகிறது என்றனர்; காடி வெளியேறிப் புளி குடியேறியது. கடற்பாசியின் இடத்தை அப்பளம் பிடித்தது. மீன் முதலில் வெந்தது, பின்பு பொரிந்தது, இறுதியில் மிளகாய்ப்பொடி பூசிக்கொண்டு வெளியே வந்தது. இரண்டாண்டுகள் முடிவதற்குள் சேந்தனின் சாளரத்திலிருந்து சுத்தமான புளியோதரையும் மிளகு ரசமும் மீன் வறுவலும் வெளிப்படலாயின. குறை சொன்ன அத்தனை பேரும் கேட்டதைப் பெற்றுவிட்டனர். அதன்பின் வந்த கருத்துரைகள் வருமாறு:

“புளியோதரை எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. இதற்காகவா நான்கு தெரு கடந்து வந்தேன்? இதில் ஜப்பான் எங்கே? ஒரு விண்மீன்.”

“ஏமாற்று. ஒரு விண்மீன்.”

சேந்தன் சீற்றங்கொண்டு பழைய செய்முறைக்கே திரும்பினார். மறுநாளே, “மீனை வேகவைக்க மறந்துவிட்டார்கள்.”

இவ்வாறு செக்குமாடு போல் சுற்றிவந்ததில் கடையின் சராசரி இரண்டு விண்மீன்களுக்கு இறங்கியது. புதுக் கடைகளுக்கு முதல் இரண்டாண்டுகள் விலக்குண்டு; அதன்பின் காலாண்டின் இறுதி நாளில் அக்காலாண்டுச் சராசரி மூன்றுக்குக் கீழே நிற்கும் உணவகத்துக்குக் கருத்தாணையம் அடுப்பின் வெப்பத்தையும் சமையலியின் இயக்கத்தையும் துண்டித்துவிடும். உரிமம் மீண்டும் கிடைக்காது. உரிமம் இழந்தவர் எஞ்சிய வாழ்நாள் முழுவதும் பாசித் தொட்டியைக் கிளற வேண்டும். அரிசி களைய இரண்டாண்டு பயின்ற கைகளுக்குக் காலாண்டு முடிய இன்னும் நாற்பது நாள்களே இருந்தன.

ஒருநாள் காலை, அரிசியைக் களைந்துகொண்டே குமா பேசியது.

“முதலாளி, நாற்பத்தோராயிரம் கருத்துரைகளையும் படித்து முடித்தேன். சோற்றுக்கும் விண்மீனுக்கும் தொடர்பில்லை.”

“என்னது?”

“உப்புக்கும் இல்லை, காரத்துக்கும் இல்லை. ஒன்றே ஒன்றுக்குத்தான் உண்டு. நாள்தோறும் உணவு தீரும்போது கடைசியாக வாங்கியவர் எவரோ, அவர் ஐந்து விண்மீன் இட்டிருக்கிறார். ஒரு நாளும் தவறவில்லை. சென்ற மாதம் ஒருநாள் கடைசிப் பொட்டலத்தின் சோற்றுருண்டை அடியில் கருகிவிட்டது. அதைப் பெற்றவர், ‘அபாரமான புகை மணம்’ என்று எழுதினார்.”

“நல்ல மனுஷன் போல.”

“அதற்கு முந்தைய வாரம் கருகாத உருண்டைக்கு ஒன்று போட்டவரும் அவரே, முதலாளி.”

சேந்தன் சிரித்துவிட்டார். பிறகு அந்தச் சிரிப்பு மெல்ல அடங்கியது. “சரி, அதுக்கு நாம என்ன பண்ண முடியும்? எல்லாரும் எப்படிடா கடைசி ஆளா இருக்க முடியும்?”

“முடியும். ஒவ்வொருவர் காதிலும் செவிக்குமிழ் இருக்கிறது. பொட்டலத்தை நீட்டும்போது அவருக்கு மட்டும் கேட்கும்படி, ‘இதுவே கடைசிப் பொட்டலம், அடுத்தவருக்கு இல்லை’ என்று சொல்வேன். பிறகு அடுத்தவருக்கும் அதையே சொல்வேன்.”

“அட அறிவுகெட்டவனே! வாங்கிட்டுப் போறவன் பின்னாடி நிக்கிறவன்கிட்ட, ‘தீந்துபோச்சுங்க, நிக்காதீங்க’ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதுமே! அஞ்சே நிமிஷத்துல நம்ம வண்டவாளம் தண்டவாளத்துல ஏறிடும்.”

“சொல்லமாட்டார்கள், முதலாளி.”

“ஏன் சொல்லமாட்டாங்க?”

“காரணம் எனக்குத் தெரியாது. என்னிடம் எண்கள் மட்டுமே உள்ளன.”

சேந்தன் பொய்யை வெறுப்பவர். பாசித் தொட்டியை அதைவிட வெறுப்பவர். ஆகவே தலையசைத்தார்.

அன்று நண்பகல் முதல் வாடிக்கையாளர் பொட்டலத்தைப் பெற்றார். செவிக்குமிழ் ஒலித்தது. அவர் முகத்தில் முதலில் வியப்பும், பின்பு தேர்தலில் வென்றவரின் அடக்கமும் தோன்றின. பின்னால் நின்ற அறுபது பேரையும் அவர் ஒரு முறை பார்த்தார். உடனே பொட்டலத்தை மேலாடைக்குள் செருகிக்கொண்டு, மழையே பெய்யாத ஊரில் மழைக்கு ஒதுங்குபவர் போல் விரைந்து மறைந்தார். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இரண்டாமவரும் சொல்லவில்லை. மூன்றாவதாக வந்த அம்மையார் பின்னால் நின்றவளிடம் மிகுந்த பரிவுடன், “இன்னும் நெறைய நேரம் ஆகுமோ என்னமோ, பாவம்” என்றார். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை. வீட்டிலும் எவரும் வாய் திறந்ததாகத் தெரியவில்லை. கடைசிப் பொட்டலத்தை அண்டை வீட்டாரிடம் காட்டினால் பங்கு கேட்பார்கள் அல்லவா?

கருத்துரைகள் வந்து குவிந்தன. பச்சை மீன் பச்சையாகவே இருந்தது; சோற்றில் காடி மணத்தது; கறுப்புத் தாள் கறுப்பாகவே சுற்றியிருந்தது.

“இதுவன்றோ உண்மையான ஜப்பானியச் சுவை! ஐந்து.”

“அந்தப் பச்சை விழுது கண்களைத் திறந்துவிட்டது. ஐந்து.”

சராசரி மெல்ல மெல்ல ஏறி மூன்றைத் தாண்டியது. குமா கடமையே கண்ணாக, ஒரு நாளைக்கு நூற்றைம்பது கடைசிப் பொட்டலங்களை வழங்கியது. சேந்தனுக்கோ உள்ளூர ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. பிழைப்பு தப்பியதில் மகிழ்ச்சிதான். ஆயினும், எவரேனும் ஒருவர் திரும்பிச் சொல்லிவிடமாட்டாரா என்று நாள்தோறும் சாளரத்தின் இடுக்கு வழியே பார்த்தபடி நின்றார். ஒருநாள் பள்ளி ஆசிரியர் ஒருவர் நாலடி நடந்து, நின்று, திரும்பினார். சேந்தன் இடுக்கில் முகத்தை இன்னும் நெருக்கினார். ஆசிரியர் வரிசையின் நீளத்தை வால் வரை நோக்கி, நிறைவாகப் புன்னகைத்துவிட்டுப் போனார்.

காலாண்டின் இறுதி நாளும் வந்தது. அன்று வரிசையில் கருத்தாணையத்தின் கண்காணிப்பாளர் மங்கையர்க்கரசி நின்றிருந்தார். அவருடைய ஒரு கருத்துரை, குடிமக்கள் ஆயிரவருடைய கருத்துரைகளுக்குச் சமம். அவருக்கு அடுத்து நின்றவர் அவருடைய கணவர் சிவக்கொழுந்து.

“ஏம்மா, எனக்குப் பசி காதை அடைக்குது. வீட்டுலயே ரெண்டு தோசை ஊத்தியிருக்கலாம்.”

“தோசைக்கு நீங்க போட்ட விண்மீன நான் பாக்கலேன்னு நெனச்சீங்களா? ரெண்டு! பேசாம நில்லுங்க.”

“அது கையி தவறிப் பட்டிருச்சும்மா.”

“மூணு வருஷமாவா?”

மங்கையர்க்கரசியின் முறை வந்தது. குமா பொட்டலத்தை நீட்டியது. செவிக்குமிழ் ஒலித்திருக்க வேண்டும். அவருடைய புருவங்கள் உயர்ந்தன. சேந்தன் சாளரத்தின் இடுக்குக்கு விரைந்தார். பின்னால் நிற்பவர் அந்நியர் அல்லர், இருபதாண்டுகள் உடன் வாழ்ந்த கணவர், அதிலும் பசித்திருப்பவர். இப்போதாவது ஒரு சொல் வரும். வந்தால் கடை போகும். போனாலும் போகட்டும், ஒரு சொல் வரட்டும் என்று அந்தக் கணத்தில் அவர் மெய்யாகவே விரும்பினார்.

மங்கையர்க்கரசி கணவரின் தோளைத் தட்டினார்.

“நில்லுங்க. நல்லா இருக்கும்போல இருக்கு” என்றார். குமா அடுத்த பொட்டலத்தை மடித்து முடிப்பதற்குள், தெருவின் எதிர்ப்புறம் இருந்த பலகையில் போய் அமர்ந்து, பொட்டலத்தைப் பிரித்து, விரைவாக உண்டார். மணிக்கட்டில் ஐந்து விண்மீன்கள் ஒளிர்ந்தன. கடையின் சராசரி மூன்று புள்ளி நான்கில் வந்து நின்றது.

“தப்பித்தோம், முதலாளி” என்றது குமா. அந்த நேரத்திலும் அதன் எட்டுக் கைகளுள் ஒன்று, பழக்கத்தின்படி, சிவக்கொழுந்திடம் பொட்டலத்தை நீட்டியது.

சேந்தன் தாவினார், ஒரு நொடி பிந்திவிட்டார். சிவக்கொழுந்து பொட்டலத்தை இரு கைகளாலும் ஏந்தி, பூரித்த முகத்துடன் பலகைக்கு வந்து சேர்ந்தார்.

“பாத்தியா! எனக்குக் குடுத்தது கடைசிப் பொட்டலமாம். எனக்குப் பின்னாடி அம்பது பேரு நிக்கிறான், ஒருத்தனுக்கும் கெடையாது!” என்றவர் அருகில் அமர்ந்தார். “ஆமா, உன்கிட்ட என்ன சொல்லிக் குடுத்துச்சு?”

மங்கையர்க்கரசி அவர் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தார். பிறகு மடியில் கிடந்த தம் வெறும் பொட்டலத்தைப் பார்த்தார்.

“என்கிட்ட ஒண்ணுமே சொல்லலீங்க” என்றார்.

இட்ட விண்மீனைப் பன்னிரண்டு நிமிடங்களுக்குள் மாற்றிக்கொள்ளச் சட்டத்தில் இடமுண்டு. அவர் மணிக்கட்டைத் திருப்பினார். ஐந்து அணைந்து ஒன்று எரிந்தது. கருத்துமானி காரணம் கேட்டது. சமையலி பொய்யுரைத்தது என்று எழுதலாம். எழுதினால், அப்பொய்யை மெய்யென்று நம்பியும் பசித்த கணவரை ஏன் வரிசையில் நிறுத்திவிட்டு வந்தீர் என்ற அடுத்த கேள்வி எழும். கண்காணிப்பாளர் சற்றே சிந்தித்தார். பிறகு, “சோற்றில் உப்பு குறைவு” என்று எழுதினார்.

சராசரி இரண்டு புள்ளி எட்டாகச் சரிந்தது. அடுப்பின் செந்நிறம் கருத்தது. குமாவின் எட்டுக் கைகளும், ஒன்றில் அகப்பையும் ஒன்றில் பாதி பிடித்த உருண்டையுமாக, அந்தரத்தில் அப்படியே நின்றன.

சேந்தன் அழவில்லை. பாசித் தொட்டியில் அழுவதற்குக் காலம் நிறைய இருந்தது. அவர் மேலங்கியைக் கழற்றி மடித்து வைத்தார். கடைக்கு வெளியே வந்தார். இந்நாற்பது நாள்களாக எவரேனும் சொல்லமாட்டாரா என்று தாம் ஏங்கிய சொற்களைத் தாமே வரிசையின் முன் நின்று உரக்கச் சொன்னார்.

“தீந்துபோச்சுங்க! இனிமே ஒண்ணும் கெடையாது. கடைய மூடியாச்சு. நிக்காதீங்க, வீட்டுக்குப் போங்க!”

ஐம்பது பேரும் அவரைப் பார்த்தனர். முன்னால் நின்றவர் பின்னால் நின்றவரைப் பார்த்தார்; பின்னால் நின்றவர் முன்னால் நின்றவரைப் பார்த்தார். எவரும் அசையவில்லை.

“சொன்னாக் கேளுங்க, நெசமாவே இல்லீங்க!”

“அதான் சொல்லிட்டாரே, போங்களேன் சார்” என்று இரண்டாமவர் முதலாமவரின் முதுகில் மெதுவாகச் சுரண்டினார்.

“நீங்க மொதல்ல போங்க. நான் இதோ, பின்னாலயே வந்துட்டேன்” என்றார் முதலாமவர், சாளரத்தின் விளிம்பை இன்னும் இறுகப் பற்றிக்கொண்டு.

வரிசையின் வால் பக்கத்தில் மேலும் மூவர் வந்து சேர்ந்துகொண்டனர்.