குறை இல்லை

பெட்டியைப் பிரித்ததுமே சோதனைக்காரருக்குக் கை சுட்டது. கார்களில் கோளாறு செய்து திரும்பி வரும் எரிபொருள் பம்புகள் வாரக்கணக்கில் கிடங்கில் கிடந்து, சில்லிட்டுப் போய்த்தான் அவர் மேசைக்கு வரும். இது இப்போதுதான் கழற்றியதுபோலக் கொதித்தது.

பம்போடு கட்டியிருந்த சீட்டில் அவருடைய முத்திரையே இரண்டு இருந்தது. ‘குறை இல்லை.’ ‘குறை இல்லை.’ கீழே ஒரு பெண்ணின் குண்டு குண்டான எழுத்து: ‘சூடானால் நின்றுவிடுகிறது. இந்தத் தடவையாவது முழு நேரம் ஓட்டிப் பாருங்கள்.’

முழு நேரம் என்றால் நாற்பது நிமிடம். சூடேறினால்தான் பம்பின் சண்டித்தனம் வெளியே வரும். அவரோ பத்தாவது நிமிடத்தில் முத்திரையைக் குத்திவிட்டு டீ குடிக்கக் கிளம்புகிறவர். போன மாதம் ஒரு கார் தண்டவாளத்தின் மேலேயே நின்றுபோய், தாயும் பிள்ளையும் செத்த செய்தி வந்தபோதும் மேலாளரிடம் கூசாமல் சொன்னார்: "என்கிட்ட வந்தப்ப நல்லாத்தான் சார் ஓடுச்சு."

அந்தக் காரில் இருந்த பம்பின் எண்தான் இதிலும். காரோடு நசுங்கிப்போன பம்பு.

மதியச் சாப்பாட்டு நேரம், அறையில் வேறு யாருமில்லை. கிடங்குக்காரர்களின் குசும்பு என்று தன்னையே தேற்றிக்கொண்டு, வழக்கம்போல ஓட்டி அனுப்பிவிட்டால் சனியன் ஒழியும் என்று அதை மேசையில் மாட்டி விசையைத் தட்டினார். மெல்லிய ரீங்காரம் எழுந்து, குழாய்களில் பரவி, கண்ணாடிச் சன்னலை அதிரவைத்து, அவருடைய கடைவாய்ப் பல்வரை வந்து உட்கார்ந்தது. சோதனை எண்ணெய் வாடைக்கு நடுவே குழந்தைப் பவுடர் மணத்தது.

பத்தாவது நிமிடத்தில் விசையை அணைத்தார். பம்பு ஓடியது. ஒயரைப் பிடுங்கினார். அப்போதும் ஓடியது. கதவு அசைந்து கொடுக்கவில்லை. தட்டினார், கத்தினார், யாரும் வரவில்லை. கடிகாரம் மட்டும் நகர்ந்தது. இருபது. முப்பது.

முப்பத்தெட்டில் போன் அடித்தது. மனைவி.

"பாப்பாவ ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வர்றேங்க. நீங்க பம்பு மாத்துனதுல இருந்து வண்டி அலுங்காம போகுது."

வீட்டுக் காருக்கு அவர் மாற்றிய பம்பு. அதுவும் அவர் முத்திரை குத்தியதுதான். அதை அவர் ஒரு நிமிடம்கூட ஓட்டிப் பார்க்கவில்லை.

"இப்ப எங்க இருக்க?"

"அந்த ஆளில்லாத ரயில்வே கேட்டுக்கிட்ட."

"போகாத. அங்கயே நில்லு."

"என்ன சொல்றீங்க, ஒண்ணும் கேக்கல. ஒரே பம்பு சத்தம். உங்க பக்கமா, இங்கயா?"

நாற்பது.

மேசையில் சத்தம் நின்றது. போனிலும் நின்றது.

சாவி திருகும் ஓசை. மறுபடி. மறுபடி.

"வண்டி நின்னுடுச்சுங்க. தண்டவாளத்து மேல."

"இறங்குடி. பாப்பாவத் தூக்கிட்டு இறங்கு."

"கதவு திறக்க மாட்டேங்குதுங்க."

மகளின் குரல். பயமே இல்லாத குரல். "அம்மா, பின்னாடி உக்காந்திருக்காங்களே, அந்த ஆன்ட்டி யாரு?"

மூச்சு விடும் சத்தம். பிறகு, போனுக்கு மிக அருகில், பழக்கமில்லாத ஒரு பெண்குரல்:

"முழு நேரம் ஓட்டிப் பாத்துட்டீங்களா சார்?"

தூரத்தில் ரயில் ஊதியது. அவருடைய வலது கை தானாக எழுந்தது. இடது கையால் இழுத்துப் பிடித்தார். நிற்கவில்லை. முத்திரையை எடுத்தது. மையில் ஒற்றியது.

ரயில் பக்கத்தில் ஊதியது.

சீட்டில் மூன்றாவது முத்திரை, ஈரம் காயாமல். குறை இல்லை.