கேட்டுக்கொண்டிருப்பவர்

பல் டாக்டர் அந்தப் பழைய வீட்டின் முன்னால் காரை நிறுத்தியபோது நல்ல உச்சிவெயில். சந்தின் கடைசி வீடு. சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது. ஜன்னல் கம்பிகளின் துரு சுவரில் வழிந்து காய்ந்திருந்தது. இறங்கிய கையோடு அவர் வீட்டைப் படம் எடுத்து வாசகர் குழுவில் போட்டார். ‘அரிய நூலகம் ஒன்றை மீட்க வந்திருக்கிறேன்’ என்று கீழே எழுதினார். உள்ளே என்ன புத்தகம் இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. தெரியாததைப் பற்றி எழுதுவது அவருக்குப் புதிதும் இல்லை.

அந்தக் குழுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இணையத்தில் ஆயிரக்கணக்கான பேர் கூடிப் புத்தகம் பேசும் இடம் என்று பெயர். பேசுவார்கள், படிப்பது வேறு சங்கதி. காபிக் கோப்பைமேல் புத்தகத்தைச் சாய்த்துவைத்து, ‘இப்போது கையில்’ என்று படம் போடுவார்கள். அது கையைத் தாண்டி மண்டைக்குப் போனதாகச் சரித்திரமே கிடையாது. அவர்களுக்கு நடுவில் பல் டாக்டர் ஒரு சிங்கம். பின்னட்டையைப் படிப்பார், முதல் அத்தியாயத்தை மேய்வார், கடைசிப் பக்கத்தை எட்டிப் பார்ப்பார். பிறகு, ஊசி போட்ட நோயாளிக்கு ஈறு மரத்துப்போகக் காத்திருக்கும் நேரத்தில் விமர்சனம் எழுதி முடித்துவிடுவார். ‘ஆசிரியருக்கு மொழி கைவரவில்லை’ என்று அவர் எழுதினால் போதும், குழுவே எழுந்து நின்று கைதட்டும்.

அத்தனை பேரில் நிஜமாகவே படித்தவள் ஒருத்திதான். வயதானவள். எந்தப் புத்தகமானாலும் அவள் எழுதுவது ஒன்றேதான்: ‘படித்து முடித்தேன். பிடித்திருந்தது. அவருக்கும் பிடித்திருந்தது.’ பல் டாக்டர் அவளுக்குப் ‘பிடித்திருந்தது அக்கா’ என்று பெயர் வைத்தார். இதெல்லாம் ஒரு ரசனையா என்று அவளுடைய வரிகளை எடுத்துப் போட்டுக் கிழித்துத் தொங்கவிட்டார். உங்கள் ‘அவர்’ வேறு எதுவும் சொல்ல மாட்டாரா என்றும் கேட்டுவைத்தார். குழு விழுந்து விழுந்து சிரித்தது.

அவள் பணிவாகவே பதில் போட்டாள். ‘மாட்டார். அப்புறம் என்ன ஆச்சு என்று மட்டும் கேட்பார்.’

சில மாதங்களில் அவள் போய்ச் சேர்ந்தாள். புத்தகம் வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று தங்கைக்காரி குழுவில் எழுதினாள். கண்ணீர்ப் பொம்மை போட்டவர்கள் நூற்றுக்கணக்கில். நேரில் வந்தவர் பல் டாக்டர் மட்டும்தான். கிளினிக்கில் தன் நாற்காலிக்குப் பின்னால் ஒரு புத்தகச் சுவர் இருந்தால் படத்தில் எடுப்பாக இருக்கும் என்பது அவர் கணக்கு.

தங்கைக்காரி தையல்கடை நடத்துபவள். கழுத்தில் அளவு நாடா, ரவிக்கை ஓரத்தில் குண்டூசிகள். துணி வெட்டுவதற்கு முன் பார்ப்பதுபோல அவரை மேலும் கீழும் பார்த்தாள். அக்காவின் வீட்டுக்காரர் கடைசிக் காலத்தில் கண் தெரியாமல் கிடந்ததையும், அக்கா அவருக்குப் புத்தகம் படித்துக் காட்டியதையும், அவர் இறந்து பல வருஷம் ஆன பிறகும் அந்தப் பழக்கத்தை விடாததையும் அவள் அலுப்போடு சொல்லி முடித்தாள். டாக்டருக்கு உள்ளுக்குள் சிரிப்பு பொங்கியது. குழுவில் எழுத நல்ல தீனி.

அவள் அறை வாசலோடு நின்றுவிட்டாள். “எனக்குத் தூசி ஆகாது, டாக்டர். வேணுங்கறத எடுத்துட்டு வாங்க, நான் வெளிய நிக்கறேன்.”

அறைக்குள் வெயில் வரவில்லை. ஜன்னல் திறந்திருந்தும் வரவில்லை. பழைய காகித வாசனையோடு தைல வாசனையும் கலந்திருந்தது, இப்போதுதான் யாரோ நெற்றியில் தேய்த்துக்கொண்டதுபோல. சுவர் நெடுகப் புத்தகங்கள். கட்டில்மேல் ஒன்று மட்டும் தனியாகக் கிடந்தது; அதன் நடுவில் ஒரு கொண்டை ஊசி செருகியிருந்தது. பாதியில் நின்ற புத்தகம்.

டாக்டர் போனை அலமாரியில் சாய்த்துவைத்துத் தன்னை நேரலையில் குழுவுக்கு வீடியோவாகக் காட்டத் தொடங்கினார். ஊசி இருந்த பக்கத்தைத் திறந்து, கிழவிக் குரலில் மூக்கால் படித்துக் காட்டினார்.

“படகுக்காரன் துடுப்பை உள்ளே இழுத்துக்கொண்டான். கரை இன்னும் கண்ணில் படவில்லை.”

கண்ணடித்துவிட்டுப் புத்தகத்தை மூடினார்.

“அப்புறம்?”

மெல்லிய ஆண் குரல். இரைந்து பேசிப் பழகாத குரல்.

டாக்டர் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே, தெருவில், தங்கைக்காரி காய்கறி வண்டிக்காரனோடு பேசிக்கொண்டிருந்தாள்.

தைல வாசனை நெருங்கியது.

“அப்புறம்?”

இந்தமுறை காதோரமாக. மூச்சு கழுத்தில் பட்டது. அது குளிர்ந்திருந்தது.

புத்தகச் சுவராவது மண்ணாவது. டாக்டர் போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் அந்தப் புத்தகம் தன் கக்கத்தில் இருப்பதைக் கண்டார். ஜன்னலைத் திறந்து வெளியே எறிந்தார். கிளினிக் வந்து இறங்கும்போது அது பின்சீட்டில் கிடந்தது, ஊசி செருகிய பக்கம் திறந்தபடி.

வீடியோ எடுக்க எடுக்கவே குழுவுக்குப் போயிருந்தது. பிரமாதம், அட்டகாசம் என்று பாராட்டு குவிந்திருந்தது. அதைக் கடைசிவரை பார்த்தவர் ஒருவர் மட்டும் ஒரு வரி எழுதியிருந்தார்: ‘முடிவில் பேசுவது யார், டாக்டர்?’

சாயங்காலம் ஒரு நோயாளி வாய் நிறையப் பஞ்சோடு மல்லாந்து கிடந்தார். டாக்டர் அவர்மேல் குனிந்தார்.

“அப்புறம்?”

நோயாளியின் உதடு அசையவில்லை. ஆனால் அவர் கண்கள் அகல விரிந்து, டாக்டரின் தோளுக்குப் பின்னால் நிலைத்தன.

டாக்டர் தங்கைக்காரிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னார்.

“அங்க வாய்விட்டுப் படிச்சீங்களா?” என்றாள்.

“ரெண்டே வரிதாம்மா. சும்மா, வேடிக்கைக்கு.”

“அவருக்கு வேடிக்கை எல்லாம் தெரியாது டாக்டர். கதை முடியணும், அவ்வளவுதான்.” சற்று நிறுத்திச் சொன்னாள்: “நான் ஏன் உள்ள வரலேன்னு இப்ப புரியுதா?”

மறுநாள் காலை டாக்டர் கிளினிக்கைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஊசி இருந்த பக்கத்திலிருந்து வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார். பிறந்ததிலிருந்து முழுசாக ஒரு புத்தகம் முடித்தறியாத மனிதர். நாக்கு புரள மறுத்தது. நாலு பக்கத்தில் கொட்டாவி வந்தது. ஆற்று வெள்ளத்தை ஆசிரியர் நீட்டி முழக்கிய இடத்தில், வழக்கம்போல இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டினார்.

ஸ்டீல் தட்டில் இருந்த பல் பிடுங்கும் குறடு மெல்ல நகர்ந்தது.

“விட்டுட்டீங்க.”

குறடு தட்டின் விளிம்புக்கு வந்து நின்றது, பிடி யாருடைய கைக்கோ வாகாகத் திரும்பியபடி.

அவர் திரும்பப் புரட்டினார். வெள்ளத்தை ஒரு சொட்டு விடாமல் படித்தார். தொண்டை வறண்டது, தண்ணீர் குடிக்க நிறுத்தினால் காதோரம் அந்தக் கேள்வி வந்தது. அதட்டலே கிடையாது. சாப்பாட்டுக்குக் காத்திருக்கும் விருந்தாளியின் பொறுமைதான். மதியத்துக்கு மேல் படகு ஒருவழியாகக் கரை சேர்ந்தது. கடைசி வரியைப் படித்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

ஒன்றும் இல்லை.

தைல வாசனை மெதுவாக அடங்கியது. வெளியே வண்டிச் சத்தமும் யாரோ இருமுவதும் கேட்டன. டாக்டர் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கொஞ்சநேரம் அழுதார். அழுது முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ‘ஆற்று வர்ணனையில் ஆசிரியர் மூழ்கிவிட்டார், வாசகனையும் மூழ்கடித்துவிட்டார்’ என்று குழுவில் எழுதினார். மனிதர் திருந்துவதென்றால் எப்போதோ திருந்தியிருப்பார். கைதட்டல் குவிந்தது.

இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினார்.

மூன்றாம் நாள் கிளினிக் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. ஆட்கள் அட்டைப்பெட்டிகளை இறக்கினார்கள். நோயாளிகள் காலை மடக்கி வழிவிட்டார்கள். பெட்டிகள் சுவரை மறைத்தன, ஜன்னலை மறைத்தன, இன்னும் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றிலும் புத்தகம். டாக்டர் தங்கைக்காரிக்குப் போன் போட்டுக் கத்தினார். யாரைக் கேட்டு அனுப்பினாள்?

“நீங்கதான ஆள் விட்டுப் பேசச் சொன்னீங்க?” என்றாள் அவள். “காலைல ஒருத்தர் போன் பண்ணினாரு. எல்லாத்தையும் டாக்டரே படிக்கறேன்னு ஒத்துக்கிட்டாரு, அனுப்பிடுங்கன்னாரு. மெதுவா, ரொம்ப மரியாதையாத்தான் பேசினாரு.”

டாக்டர் பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தார்.

“இன்னொண்ணும் சொன்னாரு,” என்றாள் அவள். “உங்க வாசிப்பு ரொம்ப மோசமாம். பரவால்ல, போகப்போகப் பழகிடும்னாரு.”