இரண்டு மரையில் ஓர் உயிர்!

ஃபோன் அலறியது.

பாண்டீஸ்வரன் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்தபடியே எட்டிப் பார்த்தான்.

திரையில் வள்ளியப்பன்!

இந்நேரம் செத்திருக்க வேண்டிய மனிதர்...

காரைக்குடி வெயில் ஒர்க்‌ஷாப்பின் தகரக் கூரையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. பச்சை பட்டனை அழுத்தினான்.

"பாண்டி! நான்தான்ப்பா. வண்டிய எடுத்தாச்சு. மூக்கு நல்லாத் தூக்கிருக்கு. வேகத்தடையில அடி இடிக்கவே இல்ல!"

"சந்தோசம்ணே..." என்றான். "எங்குட்டுப் போறீக?"

"குன்றக்குடிக்குத்தான். வேலை பாத்த வண்டிய முருகன்கிட்டக் காட்டாம ஓட்டலாமா? அப்புறம்... ஒன் மாமியா வீட்டு வாசல்ல சுபலட்சுமி நின்னுச்சு. அதுவும் மலைக்கு வரணும்னுச்சு. ஏத்திக்கிட்டேன்."

"யா... யாரை?"

"ஒன் பொண்டாட்டியத்தான்ப்பா! வயித்துப் பிள்ளைக்காரி பஸ்ல இடிபடுறதுக்கு நம்ம வண்டியில சொகுசா வரட்டுமே. வச்சிர்றேன். ஓட்டும்போது பேசக் கூடாதுன்னு திட்டுது!"

இணைப்பு செத்தது.

பாண்டீஸ்வரனின் கையிலிருந்த துணி நழுவித் தரையில் விழுந்தது. சுபா... ஏழு மாதம்... அந்த வண்டியிலா?

வள்ளியப்பன் கீழச்சிவல்பட்டியில் தன் பூர்வீக வீட்டை ஹோட்டலாக்கி நடத்துபவர். அந்த வீட்டு உள்கட்டிலிருந்து ஒரு தேக்குக் கதவு காணாமல் போனது. தூக்கியது யார் என்று அவர் கண்டுபிடித்துவிட்டார். வேறு யார்? நம்முடைய பாண்டீஸ்வரனேதான்!

"யாருட்டயும் சொல்லல. வெள்ளிக்கிழமைக்குள்ள கதவு திரும்ப வந்துறணும். இல்லன்னா ஸ்டேஷன்தான்" என்றார். சொல்லிவிட்டு, தன் வெள்ளை பிக்கப்பின் முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தும் வேலையையும் அவனிடமே கொடுத்தார். இவனுக்குக் கை சுத்தமில்லை என்றாலும் வேலை சுத்தம் என்பது அவர் எண்ணம். பாவம், நல்ல மனிதர்!

கதவு எப்போதோ கேரளாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அதனால் பாண்டீஸ்வரன் வேறு வழி பார்த்தான்.

அந்த பிக்கப்பின் முன்சக்கரங்களைத் தாங்குவது சுருள் ஸ்பிரிங் இல்லை. டார்சன் பார். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நீள இரும்புக் கம்பிகள். முறுக்கேறி நின்று வண்டியின் பாரத்தைச் சுமக்கும். ஒவ்வொரு கம்பியின் பின்கோடியிலும் ஒரு போல்ட். இறுக்கினால் வண்டியின் மூக்கு உயரும். தளர்த்தினால் தாழும்.

நேற்று அவர் வீட்டுக் கொட்டகையிலேயே வேலை நடந்தது. இடப்பக்கக் கம்பியைக் கழற்றி, அதன் நுனிப் பல்வரிசையை ஒரு பல் தள்ளி மாட்டினான். உயரம் கச்சிதம். டேப் வைத்து அளந்தாலும் குறை தெரியாது. ஆனால் அத்தனை முறுக்கையும் பிடித்துக்கொண்டிருப்பது போல்ட்டின் கடைசி இரண்டு திருகு மரைகள் மட்டுமே!

ஒரு பெரிய பள்ளம் போதும். மரை பிய்யும். இடப்பக்கம் பொத்தென்று உட்காரும். டயர் மட்கார்டில் சிக்கி ஸ்டியரிங்கைப் பிடுங்கும். அதுவும் கண்மாய்க் கரை வளைவில் நடந்தால்... முருகனை நேரிலேயே பார்த்துவிடலாம்!

மனைவியை அழைத்தான்.

சுவிட்ச் ஆஃப்!

வள்ளியப்பனை அழைத்தான்.

"என்னப்பா?"

"அண்ணே! வண்டிய ஓரங்கட்டுங்க... டயர்ல காத்து கம்மியா இருக்கு!"

"காத்தெல்லாம் அடிச்சாச்சுப்பா!"

டொக்.

உண்மையைச் சொன்னால் ஜெயில். சொல்லாவிட்டால்...

பைக்கை உதைத்தான்.

குன்றக்குடி மலை வந்தது. அடிவாரத்தில் வண்டி இல்லை. எதிரே வந்த ஒவ்வொரு வெள்ளை வண்டியின் நம்பரையும் உற்றுப் பார்த்தான். கண்மாய்க் கரை வளைவில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தான். நான்கு ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

கீழச்சிவல்பட்டி.

வள்ளியப்பன் வீட்டுக் கொட்டகையில் பிக்கப் நின்றிருந்தது! வலப்பக்கம் மட்டும் தெரிந்தது. இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே இடப்பக்க சீட்டில், முக்காடு போட்ட பெண் உருவம்...

"தேங்காய மறந்துட்டோம்ப்பா, அதான் திரும்பி வந்தோம்!" வள்ளியப்பன் டிரைவர் கதவில் கை வைத்தார். "இந்தா கெளம்பியாச்சு."

"எடுக்காதீக!" பைக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து அவர் கையைப் பிடித்தான். "சுபா... எறங்கு! எறங்கு தாயி!"

"ஏம்ப்பா, என்னாச்சு?"

"எடதுபக்கப் போல்ட்டு ரெண்டு மரையிலதாண்ணே நிக்கிது!"

"ஒனக்கெப்படித் தெரியும்?"

"நான்தாண்ணே அப்புடி வச்சேன்! ஒங்களுக்குத்தான் வச்சேன்! இவ வந்து ஏறுவான்னு கனவா கண்டேன்?"

வள்ளியப்பன் ஜன்னல் வழியே கைவிட்டுச் சாவியைத் திருப்பினார். இன்ஜின் நின்றது.

இடப்பக்கக் கதவு திறந்தது. முக்காட்டை விலக்கியபடி அவள் இறங்கினாள்.

சுபா இல்லை!

கையில் பதிவாகிக்கொண்டிருந்த செல்ஃபோனோடு சப்-இன்ஸ்பெக்டர் சத்தியப்பிரியா!

"இங்குட்டு வந்து பாரு."

பாண்டீஸ்வரன் சுற்றி வந்தான். வண்டியின் இடப்பக்கம் ஜாக்கியில் நின்றது. பிய்ந்த போல்ட் மண்ணில் கிடந்தது.

"இன்னைக்கு அஷ்டமி" என்றார் வள்ளியப்பன். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். "எங்க வீட்ல அஷ்டமி, நவமியில வண்டி வாசல் தாண்டாது. நீ காலண்டரைப் பாத்திருக்கணும் பாண்டி. காலையில நின்ன எடத்துலயே டமார்னு ஒக்காந்துருச்சு."

"அப்ப... எல்லாம் தெரிஞ்சுமா என்னைய ஓட விட்டீக?"

"போல்ட்டு சாட்சி சொல்லாது" என்றாள் சத்தியப்பிரியா. "தானாக் கழண்டுச்சுன்னு நீ கோர்ட்ல சத்தியம் பண்ணுவே. அதான் ஒன் வாயால கேக்க ஆசப்பட்டோம்."

"சுபா எங்க? அவ போனு ஏன்..."

"ஒன் மாமியா வீட்லதான் இருக்கு. ஒரு மணி நேரம் போன அணைச்சு வைம்மான்னோம். எதுக்குன்னு கேட்டுச்சு. சொன்னோம்."

"நீங்க புடுங்கித்தான அணைச்சீக?" என்றான் பாண்டீஸ்வரன்.

"அதுவே அணைச்சுருச்சு" என்றாள் சத்தியப்பிரியா.

அவன் அப்படியே மண்ணில் உட்கார்ந்தான்.

"மேடம்... ஒரே ஒரு தடவ அவ மூஞ்சியப் பாத்துட்டு... நாளைக்கு நானே ஸ்டேஷனுக்கு வந்துர்றேன்..."

"நாளைக்கு நவமியாச்சே!" வெளியே வந்து நின்ற ஜீப்பின் பின்கதவைத் திறந்தாள் சத்தியப்பிரியா. "எங்க வண்டி நாளு கெழமையெல்லாம் பாக்குறதில்ல... ஏறு!"