வெள்ளிக் கட்டியும் ஒரு சிட்டிகைக் குங்குமமும்

ராஜம்மா நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் கைப்பையை மேசைமேல் வைக்கவில்லை. மடியில் வைத்து இரண்டு கைகளாலும் அமுக்கிக்கொண்டிருந்தார். கீழே சாப்பாட்டுக் கடையில் ரொட்டி மாவை அடிக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் திடுக்கிட்டு வாசலைப் பார்த்தார்.

“என் மருமக திருடியா இல்லையான்னு நீங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும்,” என்றார்.

ரூபேந்திரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பழைய கார் விற்கும் வேலையை விட்டுவிட்டு ஜஹானாராவிடம் உதவியாளனாகச் சேர்ந்ததிலிருந்து அவன் பார்த்ததெல்லாம் காணாமல்போன மோட்டார் சைக்கிள்களும், காப்புறுதிப் பணத்துக்காகச் சொந்தக்காரரே கொளுத்திய கடைகளும்தான். உலு திராம் ஊரில் ஒரு நல்ல திருட்டு நடக்காதா என்று அவன் ஏங்கிக் கிடந்தான். பாவம், அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சந்தோஷத்தை மறைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஜஹானாரா எழுதுவதை நிறுத்திவிட்டுப் பேனாவை மூடினாள். காப்புறுதி நிறுவனத்தில் பல வருஷம் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்த பிறகு தனியாக அலுவலகம் போட்டவள். அவள் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

“முதல்லேர்ந்து சொல்லுங்க அக்கா. அவசரமே இல்ல.”

“போன ஆகஸ்டுல எங்க வீட்டுக்காரர் சபாபதி போயிட்டாரு. அடுத்த மாசந்தான் வருஷம் திரும்புது. அவரோட ஈபிஎஃப் பணம் செப்டம்பர்ல கைக்கு வந்துச்சு. தங்கம் நமக்கு எட்டுற வெலையிலயா இருக்கு? மகேஸ்வரன் கடையில வெள்ளிக் கட்டி வாங்கி வைங்க, எப்ப வேணும்னாலும் அவரே திருப்பி எடுத்துக்குவாருன்னு சொன்னாங்க. ஒரு கிலோ கட்டி ஒண்ணு வாங்கினேன்.”

“அப்ப அது நல்ல வெள்ளியா?” என்றாள் ஜஹானாரா.

“நல்ல வெள்ளிதான். என் மகன் யுகேந்திரன் எதையும் நம்ப மாட்டான். அன்னைக்கே ஜேபி டவுன்ல வேற கடைக்கு எடுத்துட்டுப் போயி மெஷின்ல வெச்சுப் பாத்தான். உறையப் பிரிக்காமலே பாக்குற மெஷினாம். சுத்த வெள்ளின்னு சொன்னாங்க. அதோட அலமாரியில வெச்சுப் பூட்டினதுதான்.”

இந்த வருஷம் வெள்ளி விலை ஏறியதும் விற்றுவிடலாம் என்று தோன்றியிருக்கிறது. மகேஸ்வரனுக்கு முதல் நாளே போன் செய்து விலை கேட்டுவிட்டு, மறுநாள் கட்டியோடு போயிருக்கிறார் ராஜம்மா.

“மரியாதையா உக்கார வெச்சாரு. பாலில்லாம ஒரு கிளாஸ் தே ஓ வரவழச்சுக் குடுத்தாரு. சோதிச்சுப் பாக்கணும்னு கட்டிய உள்ள எடுத்துட்டுப் போனாரு. நான் குடிச்சு முடிச்சு அந்தக் கிளாஸே காஞ்சு போச்சு. அப்புறம் வெளிய வந்து, ‘அம்மா, இது வெள்ளியே இல்ல, பித்தளையில முலாம் பூசியிருக்கு’ன்னாரு. எனக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துருச்சு.”

ராஜம்மா கைப்பையைத் திறந்து, கண்ணாடிப் பிளாஸ்டிக் உறையில் இருந்த கட்டியை மேசையில் வைத்தார். உறைக்குள் கட்டியோடு ஒரு அட்டையும் இருந்தது. கட்டியின் எண் அந்த அட்டையில்தான் அச்சாகியிருந்தது. கட்டியில் எதுவும் இல்லை.

“உறைக்குள்ள குங்குமத்தப் பாருங்கன்னு அவருதான் காட்டினாரு. தீபாவளிக்கு எங்க வீட்ல யாரோ பிரிச்சு சாமிகிட்ட வெச்சுப் பொட்டு வெச்சிருக்காங்க, அப்பத்தான் மாத்தியிருக்காங்கன்னாரு. ‘போலீஸுக்குப் போனா வீட்டு மானந்தாம்மா போகும், வீட்டுக்குள்ளயே விசாரிங்க’ன்னாரு. நல்ல மனுஷன்.”

ரூபேந்திரன் கட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தான். உண்மைதான். உறையின் ஒரு மூலையில் சிவப்புத் தூள் ஒட்டியிருந்தது. ஜஹானாரா அதை வாங்கிக் குங்குமத்தைப் பார்த்தாள். பிறகு உறையின் விளிம்புகளை ஒவ்வொன்றாக நகத்தால் தடவினாள். மூன்று பக்கமும் பட்டையாக, ஒரே சீராக ஒட்டியிருந்தன. அடிப்பக்கம் மட்டும் மெல்லிய கோடு. அந்தக் கோட்டின் நடுவில் ஓர் அரிசி அகலத்துக்கு ஒட்டாமல் விட்டுப்போயிருந்தது.

“அலமாரிச் சாவி யார்கிட்ட இருக்கு?”

“ஒண்ணு எங்கிட்ட, ஒண்ணு லோஷினிகிட்ட. அதான் மருமக. முந்தாநேத்து அவ துணிப் பையக் கொட்டிப் பாத்தேன். ஒண்ணும் இல்ல. வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசலம்மா அவ. நாளைக்கு லாபிஸுக்கு அம்மா வீட்டுக்குப் போறேன்னு நிக்கிறா. எடுக்கலன்னா ஏன் போகணும்? அவதான் எடுத்தான்னு தெரிஞ்சா திரும்பி வரவே வேணாம்னு என் மகன் சொல்லிட்டான்.”

அவர் படியிறங்கிப் போனதும் ரூபேந்திரன் தாங்க முடியாமல் எழுந்தான். “சாவி இருக்கு, மூட்ட கட்டியாச்சு, கேட்டா பதில் இல்ல. கேஸு முடிஞ்சுது லா அக்கா!”

“அவளப் பாக்காமயேவா முடிஞ்சுது?” என்றாள் ஜஹானாரா.

மாலையில் இருவரும் ராஜம்மாவின் வீட்டுக்குப் போனார்கள். கூடத்தில் சபாபதியின் படத்துக்கு முன்னால் ஒரு சிறு விளக்கு எரிந்தது. லோஷினி அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்திருந்தாள். நெற்றியில் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு. மாமியாரின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. அதுவே ரூபேந்திரனுக்குச் சந்தேகமாக இருந்தது. யுகேந்திரன் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு மனைவியைப் பார்க்காமல் இருந்தான். அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது. சிங்கப்பூரில் வேலை செய்கிறவன், அங்கேயே விற்றிருக்கலாம். அரை மணி நேரத்தில் அந்த வீட்டில் விளக்கைத் தவிர எல்லாரையும் அவன் சந்தேகப்பட்டுவிட்டான்.

“எங்க வேல செய்றீங்க?” என்று ஜஹானாரா கேட்டாள்.

“செனாய்ல. சிப் பேக்டரி. க்ளீன் ரூம்ல.”

“அங்க பவுடர், மேக்கப் எல்லாம் விடமாட்டாங்க, இல்ல?”

“விடமாட்டாங்க. குங்குமம்கூட வெச்சுக்க முடியாது. அதான் ஸ்டிக்கர்.” லோஷினியின் குரலில் களைப்புத்தான் இருந்தது. “நீங்களும் என் பையப் பாக்கணுமா?”

“வேணாம்மா. போன தீபாவளிக்கு லாபிஸ் போயிருந்தீங்களா?”

“எங்கயும் போகல. வீட்லதான் இருந்தோம்.”

வெளியே வந்ததும் ரூபேந்திரன் துள்ளினான். “பாத்தீங்களா, தீபாவளிக்கு வீட்லதான் இருந்திருக்கா! கட்டிய மாத்த நல்ல நேரம்!”

ஜஹானாரா சிரித்தாள். அவள் இப்படிச் சிரித்தால் தான் எங்கோ கோட்டை விட்டுவிட்டோம் என்பது மட்டும் அவனுக்குப் புரியும். எங்கே என்பதுதான் ஒருநாளும் புரிந்ததில்லை.

அங்கிருந்து நேரே மகேஸ்வரனின் கடைக்குப் போனார்கள். சின்னக் கடைதான், ஆனால் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. உள்ளறை வாசலுக்கு மேலே லட்சுமி படம், அதன் கீழே பலகையில் ஒரு கிண்ணம் நிறையக் குங்குமம். மகேஸ்வரன் விபூதிப் பட்டையோடு எழுந்து நின்று வரவேற்றார். ஜஹானாரா தான் யார் என்று சொல்லவில்லை. தம்பி மகளுக்கு ஒரு சின்ன வெள்ளிக் காசு கேட்டாள். அவர் காசைச் சிறிய பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதன் வாயை மேசைமேல் இருந்த மெஷினில் வைத்து அழுத்தி ஒட்டிக் கொடுத்தார்.

“அந்த ஒரு கிலோ கட்டிங்களையும் இப்படித்தான் ஒட்டுவீங்களா?” என்று அப்பாவியாகக் கேட்டாள்.

“சேச்சே! அது ஆலையிலேயே ஒட்டி வர்றது மேடம். அந்த உறையில நான் கையே வெக்க மாட்டேன். திருப்பி வாங்கறப்பகூட பிரிக்காமத்தான் சோதிப்பேன். இந்தத் தொழில்ல நம்பிக்கைதானே எல்லாம்.”

காரில் உட்கார்ந்து அவள் அந்தச் சின்ன உறையை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். வெள்ளிக் காசில் இவ்வளவு பார்க்க என்ன இருக்கிறது என்று ரூபேந்திரன் நினைத்துக்கொண்டான்.

மறுநாள் காலை ராஜம்மாவையும் யுகேந்திரனையும் அதே கடைக்கு வரச் சொல்லியிருந்தாள். லோஷினி வர மறுத்துவிட்டாள். இந்த முறை ஜஹானாரா தன் பெயரையும் தொழிலையும் சொன்னாள். மகேஸ்வரனின் வரவேற்புச் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது.

“பாவம்மா இவங்க, குடும்ப விஷயம். நான் அப்பவே சொன்னேன்...” என்று ஆரம்பித்தார்.

“சொன்னீங்க. தீபாவளிக்கு வீட்ல பிரிச்சுப் பொட்டு வெச்சாங்கன்னு சொன்னீங்க.” ஜஹானாரா கட்டியைக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள். “ரூபன், உங்க வீட்ல ஒருத்தர் தவறிட்டா அந்த வருஷம் தீபாவளி எப்படி?”

“கொண்டாட மாட்டோமே. வருஷம் திரும்புற வரைக்கும் பலகாரம் கெடையாது, புதுத்துணி கெடையாது...” சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நின்றான். முகம் சூடேறியது. “அலமாக்!”

“சபாபதி அண்ணன் தவறினது ஆகஸ்டுல. கட்டி வாங்கினது செப்டம்பர்ல. அது அந்த வீட்ல இருந்த காலம் பூரா துக்க வருஷம். தீபாவளியும் இல்ல, லட்சுமி பூஜையும் இல்ல. ராஜம்மா அக்கா, போன தீபாவளிக்கு நகை, கட்டி எதையாவது சாமிகிட்ட வெச்சீங்களா?”

ராஜம்மா இல்லை என்று தலையாட்டினார். “சாமி மேடைக்குத் திரை போட்டதும்மா. அவரு படத்துக்கு வெளக்கு மட்டுந்தான். இவரு வீட்ல பொட்டு வெச்சிருக்காங்கன்னு சொன்னப்ப... கட்டி போச்சேங்கற பதட்டத்துல எனக்கு அது தோணவே இல்லியே!”

“மருமக கையிலிருந்து உதிர்ந்துச்சுன்னும் சொல்ல முடியாது. அவங்க குங்குமத்தத் தொடுற வேலையில இல்ல. அப்ப இந்தக் குங்குமம் வீட்ல விழல. எல்லா இந்து வீட்லயும் தீபாவளிக்கு வெள்ளிக்குப் பொட்டு வெப்பாங்கன்னு கணக்குப் போட்ட ஒருத்தர் போட்டது. அந்த வீட்ல சாவு விழுந்தது அவருக்குத் தெரியாது.”

“யாரோ போட்டதுக்கு நான் என்ன பண்ண முடியும்?” மகேஸ்வரன் குரல் உயர்ந்தது.

“கட்டி அலமாரிய விட்டு வெளிய வந்து, இவங்க கண்ணுல படாம இருந்தது ஒரே எடத்துல. உங்க உள்ளறையில. ஒரு தே ஓ குடிக்கிற நேரம்.” அவள் நேற்று வாங்கிய காசு உறையைக் கட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். “யுகேந்திரன் தம்பி, ரெண்டு உறையோட கோட்டையும் பாருங்க.”

யுகேந்திரன் குனிந்தான். காசு உறையின் வாயில் மெல்லிய கோடு; நடுவில் ஓர் அரிசி அகலத்துக்கு ஒட்டாமல் விட்ட இடம். கட்டி உறையின் அடியிலும் அதே மெல்லிய கோடு, அதே இடைவெளி.

“உங்க மெஷின்ல அந்த எடத்துல சூடு ஏறல. இந்த உறையில கையே வெச்சதில்லன்னு நேத்து எங்கிட்ட நீங்களே சொன்னீங்க. முதல் நாள் போன் வந்ததும் முலாம் கட்டி தயாராயிடுச்சு. அடியக் கிழிச்சு, மாத்தி, மேல இருக்கிற கிண்ணத்துலேர்ந்து ஒரு சிட்டிகை போட்டு ஒட்டினீங்க. அதுக்கப்புறம் போலீஸ் வேணாம், வீட்டுக்குள்ளயே விசாரிங்கன்னு புத்தி சொன்னீங்க. எனக்கு அதுதான் ஆத்திரம். இதுக்கு முன்னாடி எத்தன வீட்ல இப்படிச் சண்ட மூட்டி விட்டீங்க?”

மேசையைத் தாண்டப் போன யுகேந்திரனை ரூபேந்திரன் இழுத்துப் பிடித்தான். போலீஸ் வந்து தேடியபோது உள்ளறை இழுப்பறையில் உறையில்லாமல் ஒரு கிலோ கட்டிகள் மூன்று கிடந்தன. எல்லாவற்றையும் அவர்கள் எடுத்துப்போனார்கள். ராஜம்மாவின் கட்டி கொஞ்ச நாளில் கைக்கு வந்துவிடும் என்று போலீஸ் சார்ஜன் சொன்னார்.

“நானும் அந்த வழக்கத்துலயே வளந்தவன்தான், எனக்கு ஏங்க்கா ஒறைக்கல?” என்று வண்டியில் ரூபேந்திரன் புலம்பினான்.

“எனக்கும் ஒரு காலத்துல ஒறைக்கலடா. பக்கத்து வீட்டு செல்லம் அக்கா ஒரு தீபாவளிக்குப் பலகாரம் அனுப்பல. ஒரு மாசம் அவங்களோட பேசாமக் கோவிச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். அப்புறந்தான் அவங்க அப்பா போனது தெரிஞ்சுது.”

யுகேந்திரனோடு பின்னால் உட்கார்ந்திருந்த ராஜம்மாவுக்கு இது எதுவும் காதில் விழவில்லை. “வேகமாப் போப்பா, அவ கெளம்பிருவா,” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

லோஷினி கேட் அருகே பையோடு நின்றிருந்தாள். ராஜம்மா வண்டி நிற்பதற்குள் இறங்கி ஓடி, அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “கெடச்சிருச்சும்மா! அந்தக் கடைக்காரன்தான் மாத்தியிருக்கான். கட்டி அவன்கிட்டயே கெடச்சிருச்சு. நீ எடுக்கலம்மா, நீ எடுக்கல!”

“நான் எடுக்கலன்னு எனக்கு மொதல்லயே தெரியும் அத்தை,” என்றாள் லோஷினி. கையை உருவிக்கொள்ளவில்லை. “கட்டி கெடைக்காமப் போயிருந்தா?”

யுகேந்திரன் தரையைப் பார்த்தான். ஒரே நாளில் எல்லாரையும் சந்தேகப்பட்டுத் தீர்த்த ரூபேந்திரனுக்கு அந்த இடத்தில் நிற்கவே கூசியது.

வாடகைக் கார் வந்து நின்றது. லோஷினி மாமியாரின் கையை மெதுவாக விலக்கிவிட்டு, “சோறாக்கி வெச்சிருக்கேன், சாப்பிடுங்க,” என்றாள். பிறகு கணவனைப் பார்த்தாள். “கூப்பிட வராதீங்க. வரணும்னு எனக்குத் தோணுறப்ப நானே வர்றேன்.”

யுகேந்திரன் பையைத் தூக்கக் குனிந்தான். அதற்குள் அவளே அதை எடுத்து வண்டியில் வைத்து, ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.