ஒலிமானிக்குக் கேட்டது

வீட்டில் சத்தமே இல்லை. ஆனால் அவன் கையிலிருந்த ஒலிமானி ஐம்பத்தெட்டு டெசிபல் என்று காட்டியது.

மத்தியானம் மூன்று மணி. மின்விசிறியை நிறுத்தி, குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி, ஜன்னல்களையெல்லாம் சாத்தியிருந்தான். செவிக்கருவிக் கடையில் பதினொரு வருடமாகக் காது பரிசோதிப்பவனுக்கு இதெல்லாம் கைப்பழக்கம். ஒருவருடைய காதைச் சோதிக்கும் முன் அந்த அறையின் அமைதியை அளந்தாக வேண்டும். அமைதியான அறை முப்பதைத் தொடுவதே அதிகம். ஐம்பத்தெட்டு என்றால் பக்கத்தில் யாரோ பேசிக்கொண்டிருக்க வேண்டும்.

யாரும் பேசவில்லை. மனைவி சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் பத்தொன்பது நாள் மகள், கண்ணைத் திறந்தபடி.

“அழுதா ஒரு கவலை, அழலேன்னா ஒரு கவலை. நல்ல அப்பாதான்,” என்றாள் மனைவி.

“மூணு நாளா ஒரு சத்தமும் போடலியே. காது கேக்குதான்னு பாத்துடலாம்.”

“நீங்க ஆத்தின ஆத்தல்ல அழுகையே மறந்துபோச்சு போல. அந்த வித்தைய எனக்கும் கொஞ்சம் சொல்லித் தாங்களேன்.”

அவன் ஒலிமானியைத் துடைப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டான்.

மூன்று நாளைக்கு முன்பு அவள் தையல் பிரிக்க மருத்துவமனைக்குப் போயிருந்தாள். குழந்தை அழத் தொடங்கியது. தோளில் போட்டு நடந்தான். காதருகே ‘ஷ்ஷ்’ என்றான். கருப்பையில் இரத்தம் ஓடும் இரைச்சலை மாதக்கணக்கில் கேட்ட பிள்ளைக்கு அந்தச் சத்தம்தான் தாலாட்டு என்று மற்றவர்களுக்கு விளக்கியவன் அவன். குழாயைத் திறந்துவிட்டு அதன் பக்கத்தில் நின்றான். எதற்கும் அடங்கவில்லை. ஒன்றரை மணி நேரம். சரியாகத் தூங்கிப் பதினாறு நாளாகியிருந்தது. குழந்தையைக் கூடைத் தொட்டிலில் கிடத்தி, துணி தேய்க்கும் பின்னறைக்குக் கொண்டுபோய்த் தரையில் வைத்துக் கதவைத் தாழிட்டான். பிறகு பையிலிருந்து தன் காதச்சுகளை எடுத்தான். மாவு போன்ற ரப்பரைக் காதுக்குள் செலுத்தினால் ஐந்து நிமிடத்தில் இறுகி, காதின் ஒவ்வொரு மடிப்பையும் அச்செடுத்துக்கொள்ளும். வாடிக்கையாளர்களுக்குச் செய்கிறபோது தனக்கும் ஒரு ஜோடி செய்துவைத்திருந்தான். போட்டுக்கொண்டால் உலகம் தண்ணீருக்கடியில் போய்விடும்.

பத்து நிமிடம் என்றுதான் நினைத்தான். கண் விழித்தபோது நாற்பது ஆகியிருந்தது.

அச்சுகளைக் கழற்றினான். அமைதி. கதவைத் திறந்தான். தொட்டிலில் குழந்தை விழித்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. அவ்வளவு நேரம் அழுத முகத்தில் ஒரு சிவப்புகூட இல்லை. உயிரோடு இருக்கிறதே என்று வாரி எடுத்துக்கொண்டான், வேறெதையும் யோசிக்கவில்லை.

“தோள்ல போட்டு ஆத்தினேன். சமாதானமாயிட்டா,” என்று திரும்பி வந்த மனைவியிடம் சொன்னான்.

அன்றிலிருந்து அது அழவில்லை.

“மீட்டர்ல ஏதோ கோளாறு. இரு, உள்ள வச்சுப் பாக்கறேன்,” என்று எழுந்தான்.

நடைக்கூடத்தில் அறுபத்து நான்கு. சமையலறைப் பக்கம் திரும்பினால் இறங்கியது; பின்பக்கம் திரும்பினால் ஏறியது. சத்தம் பிறக்கும் இடத்துக்கும் நமக்கும் உள்ள தூரம் பாதியானால் எண் ஆறு கூடும். கண்ணைக் கட்டிவிட்டாலும் இந்தக் கணக்கை வைத்துச் சத்தத்தின் மூலத்தைத் தேடிப் பிடித்துவிடலாம். இதைப் பயிற்சிக்கு வருபவர்களுக்கு எத்தனை உற்சாகமாகச் சொல்லியிருக்கிறான். இப்போது அந்தக் கணக்கு தப்பாகிவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டே நடந்தான்.

பின்னறைக் கதவில் எழுபத்தெட்டு.

தாழை நீக்கினான். சூடான துணியின் வாசனை, அதன் அடியில் லேசாகப் புளித்த பால் வாசனை. தேய்க்கும் மேசை. மூலையில் மடிக்காத துணிகள். தொட்டில் இருந்த இடத்தில் வெறுந்தரை.

எண்பத்தெட்டு.

குனிந்தான். தொண்ணூற்று நான்கு. மண்டியிட்டான். நூறு.

நூற்றாறு.

அவன் காதுக்கு எதுவும் கேட்கவில்லை.

கையை நீட்டினான். காற்று. வெறும் காற்று. பிறகு, வெதுவெதுப்பு. மூச்சு. விட்டுவிட்டு வரும் சின்ன மூச்சு. விரல்நுனியை எதுவோ தேடித் தேடித் தொட்டது. பல்லில்லாத ஈறு. கவ்வியது. சப்பத் தொடங்கியது.

தொண்ணூறு.

எழுபது.

நாற்பத்தொன்று.

அவன் விரல் அசையவில்லை. “ஷ்ஷ்,” என்றான். “அப்பா வந்துட்டேன்டா.”

“யார்கிட்ட பேசறீங்க?”

வாசலில் மனைவி. அவள் தோளில் குழந்தை. பத்தொன்பது நாளில் நிற்காத கழுத்து நேராக நின்றது. அவனையே பார்த்தது. அவன் முகத்தை, பிறகு அவன் விரலை.

சொல்லிவிடலாம். இப்போதே. ஆனால் எங்கிருந்து தொடங்குவது? கதவைத் தாழிட்டதிலிருந்து. காதை அடைத்துக்கொண்டதிலிருந்து. மூன்று நாள் இவள் தன்னைப் பாராட்டியதைக் கேட்டுக்கொண்டிருந்ததிலிருந்து.

“என்னங்க, முகமெல்லாம் வேர்த்திருக்கு?”

விரலை மெல்ல இழுத்தான். ஈறுகள் இறுகின. இன்னும் இழுத்தான். விட்டது.

அறுபது. எண்பத்தைந்து. நூற்றெட்டு. அறையில் ஒரு சத்தமும் இல்லை.

ஒலிமானியை அணைத்தான்.

“கெட்டுப்போச்சு. கடையில குடுத்து சரி பண்ணணும்,” என்றபடி வெளியே வந்து தாழைப் போட்டான்.

“இவள கொஞ்சம் பிடிங்க. நான் முகம் கழுவிட்டு வரேன்.”

கையில் வாங்கிக்கொண்டான். கனத்தது. மனைவியின் காலடி நடைக்கூடத்தைத் தாண்டும்வரை அது அசையாமல் இருந்தது. பிறகு அவன் ஈர விரலைப் பிடித்து இழுத்தது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தது. வாயில் வைத்து, ஈரம் துளியும் மிச்சமில்லாமல் நக்கியது.

அவனைப் பார்த்து முதன்முறையாகச் சிரித்தது.